பதினாலாம் நம்பருக்கு வந்த அழைப்பு

போன வார அத்தியாயத்தைப் படித்து, வல்சம்மாவைத் திட்டி எனக்குப் பதினோரு கடிதங்கள். பெற்ற பெண்ணிடமே மறைக்கிறவள் என்ன அம்மா என்று திருவண்ணாமலை வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் ஒரு தடவை செப்டம்பர் மாசத்தில் கேரளத்தில் எங்கள் பாலா ஊர்ப் பக்கம் வந்து, நர்சிங் சீட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கிப் பார்க்கட்டும். அதற்கப்புறம் பேசுவோம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குரியாக்கோஸ் பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாசத்துக்கு ரெண்டு தடவைதான் வீடு. அவன் பெண்டாட்டி வல்சம்மா இங்கே பால் சொசைட்டியில் பால் அளக்கிறாள். ஒரே மகள் டெல்னா. பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் நல்ல மார்க் என்பது எங்கள் ஊரில் நூறு பிள்ளைகளுக்கு இருக்கும். கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக் கல்லூரியில் மெரிட் சீட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட்டில் அவளுக்குக் கிடைத்தது பதினாலாம் நம்பர்.

மெரிட் சீட் என்றால் வருஷத்துக்கு எண்பதாயிரம். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நன்கொடையோடு சேர்த்து அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால் குரியாக்கோஸ் சிரித்துவிடுவான். மிச்சம் இருப்பது பெங்களூர். அங்கே சீட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், சீருடை, அப்புறம் பெயரே சொல்லாத சில கட்டணங்கள் என்று நாலு வருஷத்தில் ஒன்பது லட்சத்தைத் தொட்டுவிடும்.

லிஸ்ட் மூன்று வாரமாகப் பத்திலேயே நின்றது. காத்திருக்கலாம் என்றான் குரியாக்கோஸ். காத்திருந்து என்ன ஆச்சு என்று வல்சம்மாவுக்குத் தெரியும். அடுத்த வீட்டுச் சாலியின் மகள் போன வருஷம் இப்படித்தான் ஒன்பதாம் நம்பரைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். லிஸ்ட் ஏழோடு முடிந்தது. பெங்களூர்க் கதவும் அதற்குள் சாத்தியாயிற்று. அந்தப் பெண் இப்போது ஜவுளிக்கடையில் வருகிறவர்களுக்கு நைட்டி எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் ஒன்பது நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சர்ச் முற்றத்தில் வைத்தே, டெல்னாவின் அசல் சான்றிதழ்கள் மொத்தத்தையும் இருபத்தைந்தாயிரம் ரூபாயையும் வல்சம்மா ரெஜி சாரிடம் கொடுத்துவிட்டாள். புருஷனுக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. பெங்களூரில் ஒரு சீட்டைப் பிடித்து வைக்க.

ரசீது? கேட்கவில்லை. ரெஜி சார் யார்? டவுனில் நர்சிங் சீட் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். அதோடு எங்கள் சர்ச்சின் கைக்காரர், அதாவது வரவு செலவு பார்க்கிறவர். காணிக்கைத் தட்டு அவர் கையில், சர்ச் சாவி அவர் இடுப்பில். அப்படிப்பட்ட மனுஷரிடம், அதுவும் சர்ச் முற்றத்தில், ரசீது கொடுங்கள் என்று எங்கள் ஊரில் ஒருத்தி கேட்டால், அடுத்த ஞாயிறு அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? சான்றிதழைக் கொடுத்துவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தாள்.

இதுவரை நடந்தது இது. இனி இந்தச் செவ்வாய்க்கிழமை.

காலை ஒன்பது மணிக்கு டெல்னாவின் போன் அடித்தது. கல்லூரி அலுவலகம். சேர்ந்திருந்த மூன்று பிள்ளைகள் வேறு இடம் கிடைத்துப் போய்விட்டார்கள். பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை எல்லோரும் இன்றைக்கு ரெண்டு மணிக்குள் ஹாலில் இருக்க வேண்டும். வரிசைப்படி கூப்பிடுவார்கள். அசல் சான்றிதழும் முதல் தவணை நாற்பதாயிரமும் கையில் இல்லாதவர்களுக்குச் சீட் இல்லை. நாளைக்கு என்ற பேச்சே கிடையாது.

டெல்னா போனை வைத்ததும் கணக்குப் போட ஆரம்பித்தாள். மூன்று சீட். முன்னால் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அதில் ஒருத்தி வராவிட்டால் போதும். மூன்று வாரத்தில் ஒருத்தியாவது வேறு எங்கேயாவது சேர்ந்திருக்க மாட்டாளா? பேசிக்கொண்டே அலமாரியைத் திறந்து பச்சை ஃபைலை எடுத்தாள்.

உள்ளே எல்லாம் ஜெராக்ஸ்.

வல்சம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கப்பைக் கிழங்கு வெட்டிய கையைத் துடைக்கக்கூட இல்லை. மகள் திரும்பிப் பார்த்தபோதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். யாரிடம் கொடுத்தேன், எப்போது கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் எல்லாவற்றையும். ஏன் என்பதை மட்டும் ரெண்டு தடவை சொன்னாள்.

டெல்னா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"பதினாலாம் நம்பர் என்னோடது அம்மா. உங்களோடது இல்ல. அதை விட்டுக்கொடுக்கறதா இருந்தா நான்தான் விட்டுக்கொடுக்கணும்."

குரியாக்கோஸுக்குப் போன் போட்டார்கள். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மணி மட்டும் அடித்தது.

அந்த நேரத்தில்தான் பின்கட்டு அறையிலிருந்து ஷைனி வெளியே வந்தாள். குரியாக்கோஸின் தங்கை. டவுன் ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை, நேரம் வரும்போது சொல்கிறேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, தோளில் பையோடு கொச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கே ஜெர்மனிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள். ரெண்டு வருஷம் நைட் டியூட்டிக்கு நடுவே அந்த மொழியைப் படித்துப் பாஸ் பண்ணியிருந்தாள். அசல் ஃபைலைச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள் அங்கே ஒப்படைக்க வேண்டும்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் அண்ணியைத் திட்டவில்லை. அதுதான் வல்சம்மாவுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. ஷைனியிடம்தான் இந்தப் பேச்சை முதலில் எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் ஷைனி கொடுக்க விடமாட்டாள் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை.

"சேச்சி, சிட் ஃபண்ட்ல எடுத்த பணம் நாற்பதாயிரம் இருக்கில்ல? அதை எடுத்துக்கோங்க. டெல்னா, குடையை எடு. ஆட்டோவை நான் கூப்பிடுறேன்."

கொச்சி, என்று வல்சம்மா இழுத்தாள். மத்தியானத்துக்கு மேல் பஸ் இருக்கிறது என்று முடித்துவிட்டாள் ஷைனி.

மழையில் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. டெல்னா டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். வல்சம்மா ஜெபமாலையை உருட்டினாள். பாதி வழியில் ஷைனி தானாகவே பேசினாள். அவள் பெங்களூரில் படித்ததும் இப்படி ஒரு ஏஜென்ட் மூலமாகத்தான். படிப்பு முடிந்த பிறகும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொண்டது. பாக்கியைக் கட்டக் கட்ட இன்னொரு பாக்கி முளைத்தது. ரெண்டு வருஷம் அலைந்து வாங்கினாள். அதற்குள் சவுதி இன்டர்வியூ போயிற்று, அதோடு இன்னும் சிலதும் போயிற்று. இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை என்றாள்.

"சொல்லியிருந்தா நான் கொடுத்திருக்க மாட்டேனே ஷைனி."

"அதான் சேச்சி. தப்பு என்னோடதும்தான்."

ரெஜி சாரின் ஆபீஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. கல்லூரியில் மூன்று செட் ஜெராக்ஸும் ஆறு போட்டோவும் கேட்டிருந்தார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஓடிவந்து கொடுக்கிறோம், போட்டோவை இப்போதே எடுத்து வை என்று டெல்னாவைக் கீழே ஸ்டுடியோவில் நிறுத்திவிட்டு, அண்ணியும் நாத்தனாரும் மட்டும் படி ஏறினார்கள்.

ரெஜி சார் நல்ல மரியாதையான மனுஷர். நாற்காலி போடச் சொன்னார். மழையில் வந்திருக்கிறீர்களே என்று கட்டன் காப்பி வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார்கூட. மெரிட்டில் கிடைத்தால் அதை விட்டு ஏன் பெங்களூர் போக வேண்டும், நம்ம பிள்ளை இல்லையா டெல்னா என்றார். பீரோவைத் திறந்து சான்றிதழ்க் கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார். வல்சம்மா கையை நீட்டினாள். அவர் கவர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

டெல்னா பேரில் அங்கே சீட்டைப் பிடித்தாயிற்று, இப்போது வேண்டாம் என்றால் அந்தக் கல்லூரிக்கு அபராதம் கட்ட வேண்டும், அதைத் தன் கையிலிருந்து கட்ட முடியாது என்று விளக்கினார். கொடுத்த இருபத்தைந்தாயிரம் போனது போனதுதான். அதற்கு மேல் ஒரு நாற்பது.

வல்சம்மாவின் பையில் இருந்தது சரியாக நாற்பது. இங்கே கொடுத்தால் கல்லூரிக்கு இல்லை. கல்லூரிக்கு வைத்தால் சான்றிதழ் இல்லை.

அவள் கெஞ்சினாள். எனக்கே எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஞாயிறுதோறும் தன் தட்டில் காணிக்கை போடுகிற பெண் கண் முன்னால் அழும்போது, அந்த மனுஷர் காப்பி ஆறுகிறது சேச்சி என்றார்.

போலீஸுக்குப் போவேன் என்றாள் ஷைனி. ரெஜி சார் கோபப்படவில்லை.

"தாராளமா போங்க. மனு எழுதுவாங்க, கூப்பிட்டு விசாரிப்பாங்க. நானும் போய்ப் பதில் சொல்லுவேன். எப்படியும் நாளை மறுநாளைக்குள்ள முடிஞ்சிடும். உங்களுக்கு ரெண்டு மணி இல்ல?"

அப்போது பதினொன்றே முக்கால். மலைப்பாதையில் கல்லூரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஷைனி தோளிலிருந்து பையை இறக்கினாள். உள்ளிருந்து நீல ஃபைலை எடுத்து, டெல்னாவின் கவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை வச்சுக்கோங்க. நாற்பதைக் கொண்டுவந்து மீட்டுக்கறேன். பொண்ணோடதைக் கொடுங்க."

ரெஜி சார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தார். டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவு, பதினாலு வருஷ வேலைச் சான்றிதழ், ஜெர்மன் மொழிப் பரீட்சைச் சான்றிதழ். ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு அதன் மதிப்பு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சனிக்கிழமை வரைக்கும்தான், அதற்கு மேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார்.

வேண்டாம் ஷைனி, வேண்டாம் என்று வல்சம்மா அவள் கையைப் பிடித்தாள். சீட் போனால் போகட்டும், பெங்களூரே போகட்டும் என்றாள்.

"பெங்களூர் போனா இவளும் என் வயசுல இதே மாதிரி எவன் முன்னாலயாவது வந்து உட்காருவா சேச்சி. விடுங்க." பிறகு அவர் பக்கம் திரும்பி, "ரசீது எழுதுங்க. என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்க."

நமக்குள் எதற்கு அதெல்லாம் என்று ரெஜி சார் சிரித்தார். ஷைனி சிரிக்கவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை மேஜையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

படி இறங்கும்போது டெல்னாவிடம் சொல்லக்கூடாது என்று அண்ணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஹாலில் அவள் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். வல்சம்மா தலையை ஆட்டினாள். ஒன்பது நாள் மறைத்தவளுக்கு இன்னொரு மறைப்பு. கீழே ஸ்டுடியோ வாசலில் டெல்னா கவரை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.

ஹாலுக்குள் நுழைந்தபோது ஒன்று ஐம்பது. நர்சிங் சீருடையில் சீனியர் பெண்கள் ரெண்டு பேர் வருகை எழுதிக்கொண்டிருந்தார்கள். டெல்னா அவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். பிறகு தலைகளை எண்ணினாள். எட்டுக் குடும்பம். எட்டு. அதாவது ஒருத்திகூட வேறு எங்கேயும் போகவில்லை.

வல்சம்மாவும் எண்ணினாள். ஷைனியின் ஃபைல் போனது, இருபத்தைந்தாயிரம் போனது, சீட்டும் இல்லை. எல்லாம் தன் ஒருத்தியால். எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி போட்ட சிஸ்டர் ஒருவர் லிஸ்ட்டைப் பிரித்தார். பதினொன்று. கோட்டயத்துப் பெண், அப்பாவோடு போனாள், கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு. அவளும் போனாள், அவளுக்கும் முடிந்தது.

பதின்மூன்று. ஃபெபா என்று ஒரு ஒல்லிப் பெண். கூட வந்த அப்பன் ரப்பர் வெட்டுகிறவன் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. பணத்தை எடுத்து மேஜையில் வைத்தான். சிஸ்டர் சான்றிதழ் கேட்டார். அவன் ஜெராக்ஸை நீட்டினான். அசல் வேறு இடத்தில் இருக்கிறது சிஸ்டர், ரெண்டு நாள் கொடுங்கள், எப்படியாவது கொண்டுவந்துவிடுகிறேன் என்றான். ஹால் முழுக்கக் கேட்டது.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குத் தான் பதில் சொல்ல வேண்டும், அசல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த அப்பன் பணத்தைத் திரும்ப எண்ணாமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஃபெபா அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"பதினாலு. டெல்னா குரியாக்கோஸ்."

டெல்னா எழுந்தாள். ஷைனி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. சிஸ்டர் சான்றிதழ்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பணத்தை வாங்கினார். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் வல்சம்மா போட்டாள். அசல் நாலு வருஷமும் கல்லூரியில்தான் இருக்கும் என்று சொல்லி, வாங்கிய ஒவ்வொன்றுக்கும் சிஸ்டர் ரசீது கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் டெல்னா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அப்போதுதான் அம்மாவைத் தொட்டாள். வல்சம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மன்னிச்சிடு மோளே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷைனி நாலடி தள்ளி, தூண் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் மழை விட்டிருந்தது. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"இல்ல மேடம், இன்னைக்கு ஃபைலைக் கொண்டுவர முடியாது. ஆமா, தெரியும், இந்த பேட்ச் போயிடும். பரவாயில்ல. அடுத்ததுக்கு என்னை வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டுடுங்க. எத்தனாவதா இருந்தாலும் சரி."

டெல்னா அம்மாவை விட்டுவிட்டாள். ஷைனியின் தோள் பையைப் பார்த்தாள். காலையில் புடைத்துக்கொண்டிருந்த பை தட்டையாகத் தொங்கியது.

"அம்மா. ஆன்ட்டியோட ஃபைல் எங்க?"

வல்சம்மா சத்தியம் செய்திருந்தாள். ஷைனி தூரத்திலிருந்தே வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். வல்சம்மா அவளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். இன்னொரு நாள் மறைக்க அவளால் முடியவில்லை.

"ரெஜிகிட்ட. உன்னோடதுக்குப் பதிலா வச்சிட்டு வந்தா. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

முதல் தடவையாக அவள் சார் என்று சேர்க்கவில்லை.

டெல்னா கையிலிருந்த ரசீதைப் பார்த்தாள். பிறகு வராந்தாவிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். வல்சம்மா பயந்துபோய்ப் பின்னால் ஓடினாள். மகள் போனது ஆட்டோவுக்கு இல்லை. வாசலுக்கு அருகே மரத்தடியில் ஃபெபாவும் அவள் அப்பனும் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். டெல்னா நேரே அந்தப் பெண் முன்னால் போய் நின்றாள். அவளுடைய சீட்டைத்தான் டெல்னா வாங்கியிருக்கிறாள் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். ஃபெபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் சர்ட்டிஃபிகேட் யார்கிட்ட இருக்கு?"

அப்பன்தான் சொன்னான். எங்கள் டவுனில், பேக்கரிக்கு மேல்மாடியில். அவருக்கு அவன் காலையிலிருந்து ஏழு தடவை போன் செய்திருக்கிறான். நல்ல மனுஷர்தான், சர்ச் காரியமெல்லாம் பார்க்கிறவர், ஏனோ இன்றைக்குப் போனை எடுக்கவில்லை என்றான். ரசீது வாங்கினீர்களா என்று டெல்னா கேட்டதற்கு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வல்சம்மாவுக்கு அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க உள்ளே ஏதோ கொதித்தது. ஒன்பது நாளாகக் குனிந்து நடந்தவள் அவள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம் சேட்டா. எங்க ஆட்டோவுல ஏறுங்க. நெருக்கி உட்கார்ந்துக்கலாம். அந்த ஆள்கிட்ட நான் பேசறேன்."